கார்க்கொட்டிலும் முன்வாசலும்

எங்கட வீட்டில் கார் இல்லை. கார் நிற்கிற கொட்டில் மட்டும் இருக்கிறது. 10 அடி அகலம், 18 அடி நீளம், ஒழுங்கைப் பக்கமாகத் திறக்கிற இரட்டைக் கதவு, மேலே ஓடு. அம்மா அதை ‘கராஜ்’ என்பா. அம்மம்மாவுக்கு அது இன்றைக்கும் ‘கார்க்கொட்டில்’ தான்.

நாங்கள் என்றால் அக்காவும் தங்கச்சியும். மூத்தவ கலைப்பீடத்தில் மூன்றாம் வருடம், இளையவ ஏஎல் எடுத்துவிட்டு வெட்டுப்புள்ளிக்காகக் காத்திருந்தவ. எங்களில் ஒருத்திதான் இதை எழுதுகிறா. ஆனால் ஒருத்தி அறுக்கும்போது மற்றவ பலகையைப் பிடித்திருந்தவ என்பதால் ‘நாங்கள்’ என்றே எழுதுகிறோம்.

கொட்டிலில் நின்றது அம்மப்பாவின் ஒஸ்ரின் ஏ40. எங்களுக்கு அதைத் தெரியாது, கதைதான் தெரியும். 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில், காபரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடின கார்களில் அதுவும் ஒன்று. அம்மப்பா செத்த பிறகு விற்றாச்சு. கார் போக, கொட்டிலுக்குள் மற்றதெல்லாம் வந்தது. பொச்சுமட்டை, பன்னாடை, உரப்பை, ஓடாத தண்ணி மோட்டர், கால் உடைந்த கதிரைகள். எறிய மனமில்லாத எல்லாம் அங்கேதான் போகும்.

2024 நவம்பர் மழையில் பின்வளவு வேம்பு விழுந்தது. அம்மா விறகுக்குக் கொடுக்கப் பார்த்தா. ‘வேம்பை ஆரும் விறகுக்குக் குடுப்பினமே?’ என்று அம்மம்மா சொன்னதால் மரக்காலைக்குக் கொண்டுபோய் அரிந்தோம். ஒரு அங்குலப் பலகையும் கொஞ்சம் இரண்டு அங்குலக் கட்டையுமாக லாண்ட்மாஸ்டரில் திரும்பி வந்தது. மழை விடவில்லை. ஈரப் பலகையை எங்கே வைப்பது? அப்படித்தான் கொட்டிலைத் திறந்தோம். தச்சுப்பட்டறை என்ற எண்ணம் அப்போது மூத்தவவின் தலைக்குள் மட்டும் இருந்தது. சோதனைக் காலத்தில் படிக்காமல் யூடியூப்பில் வெள்ளைக்காரர் மேசை செய்கிறதைப் பார்த்துக்கொண்டிருந்தவ.

குப்பை அள்ள மூன்று நாள் போனது. நிலம் சீமெந்துதான், ஆனால் நடுவில் காரின் எண்ணெய் ஊறிக் கறுத்துப் போய்க் கிடந்தது. மரக்காலையில் இரண்டு உரப்பை மரத்தூள் கேட்டு வாங்கி, அதைக் கொட்டி இரண்டு நாள் விட்டு, கூட்டி எடுத்து, சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்தோம். கறை முழுக்கப் போகவில்லை, வழுக்கிறது நின்றது. பலகைகளை நிலத்தில் படாமல், ஒன்றுக்கு மேல் ஒன்றாக, இடையிலே சின்னச் சட்டங்கள் வைத்து அடுக்கினோம். காற்று எல்லாப் பக்கமும் போக வேணும். பலகையின் இரண்டு முனையிலும் பெயின்ற் பூசினோம். ஈரம் முனையால்தான் கெதியாய்ப் போகும், போனால் முனை வெடிக்கும். ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் காய வேணும் என்பது பொதுவான கணக்கு. ‘அப்ப ஒரு வருசத்துக்கு என்ன செய்யப் போறியள்?’ என்று அம்மா கேட்டா. ‘பழகப் போறம்’ என்றோம்.

ஆரிட்டப் பழகிறது? அம்மா யோசித்துவிட்டு ஒருவருக்குக் கோல் எடுத்தா. எங்கட வீட்டுக் கதவு, யன்னலெல்லாம் செய்தவர். வயது 63. இப்போது தளபாடக் கடை ஒன்றின் பட்டறையில் நாள் சம்பளத்துக்கு வேலை.

முதல் நாள் நாங்கள் முன் கேற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றோம். அவர் ஒழுங்கையால் சைக்கிளில் வந்தார், எங்களைக் கண்டு தலையாட்டினார், கேற்றைத் தாண்டிப் போய் வேலிப் பக்கத்துச் சின்னப் படலையால் பின்பக்கம் வந்தார். குசினி விறாந்தையில் அம்மம்மா இருந்தவ. ‘வந்திட்டியே, இரு’ என்றா. அவர் இருந்தார். தேத்தண்ணி அங்கே வந்தது. அம்மம்மா அவரை ஒருமையில் கூப்பிடுவா, அவர் ‘ஓம் அம்மா’ என்பார். அதை நாங்கள் பிறந்த நாள் தொடக்கம் கேட்டிருப்போம். அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

எங்களுக்கு வேறொரு பிரச்சினை. அவரைக் கூப்பிட எங்களிட்ட ஒரு சொல் இல்லை. பக்கத்து வீட்டு வங்கி மனேஜர் மாமா. ரியூசன் வாத்தியார் சேர். மீன் கொண்டு வாறவர் அண்ணை. எங்கட வீட்டுக் கதவைச் செய்தவரை அம்மா பேர் சொல்லித்தான் கதைப்பா, நாங்கள் கதைத்ததே இல்லை. இளையவ யோசிக்காமல் ‘மாமா, சீனி காணுமோ?’ என்று கேட்டுவிட்டா. அம்மா எங்களைப் பார்த்தா. அம்மம்மா வெற்றிலையை மென்றா. அவர் குவளையைப் பார்த்துக்கொண்டு ‘காணும் பிள்ளை’ என்றார். அதற்குப் பிறகு அவர் மாமாதான்.

கொட்டிலைப் பார்த்து அவர் முதல் கேட்டது, ‘கரண்ட் எங்கால வருது?’ ஒரு பல்ப், ஒரு பிளக். நாங்கள் குசினியிலிருந்து எக்ஸ்ரென்சன் வயர் இழுத்து, இரண்டாம் கையில் வாங்கின வட்டவாளைப் போட்டுப் பார்த்திருந்தோம். 1400 வாற் வாள் 230 வோல்ற்றில் ஆறு அம்பியருக்கு மேல் இழுக்கும். எங்கட வயர் ரேடியோவுக்குப் போடுகிற மெல்லிய வயர். தொட்டால் சுட்டது. ‘வீட்டைக் கொளுத்திப்போட்டு மேசை செய்து என்ன?’ என்றார். வயர்மன் வந்து பிறேக்கர் பெட்டியிலிருந்து தனியாக ஒரு லைன் இழுத்து, அதற்குத் தனி பிறேக்கர் பூட்டினார். ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்று பட்டனை அழுத்திப் பார்த்தார். எங்கட சேமிப்பில் பாதி அதில் போனது. மெசினுக்கு முதல் வயர் என்பதை இப்போது ஆர் கேட்டாலும் சொல்லுவோம்.

இரண்டாவது காற்று. கதவைச் சாத்தினால் கொட்டில் ஒரு பெட்டி. மரத்தூள் சும்மா தூசி இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இலேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. மூக்குக்குள்ளும் அதைச் சுற்றியுள்ள அறைகளிலும் வருகிற புற்றுநோய். இதை நாங்கள் வாசித்துக் காட்டினபோது மாமா, ‘நாப்பத்தைஞ்சு வருசமாய் மூக்குக்குள்ள போட்டிட்டன்’ என்று சிரித்தார். மாஸ்க் கொடுத்தோம். எங்களுக்காகப் போடுவார், கதைக்கும்போது இறக்கிவிடுவார். பின்சுவரில் இரண்டு பூக்கல் வைத்தோம், வட்டவாள் ஓடும்போது இரட்டைக் கதவை முழுக்கத் திறந்து வைக்கிறது என்று முடிவெடுத்தோம். அதனால் ஒழுங்கையால் போகிற எல்லோரும் நின்று பார்த்துவிட்டுப் போவினம்.

மூன்றாவது வேலை மேசை. யூடியூப் 35 அங்குல உயரம் சொன்னது. மாமா எங்களை நிமிர்ந்து நிற்கச் சொன்னார். கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையை நிலத்துக்குச் சமாந்தரமாய் மடக்கச் சொன்னார். அந்த உயரத்தை அளந்தார். 30 அங்குலம் வந்தது. ‘சீவுளி தள்ளிறது கையால இல்லை, உடம்பால. மேசை உயர்ந்தால் தோள்மூட்டுப் போகும்.’ மேற்பலகைக்கு, இடித்த மாட்டுக்கொட்டிலின் பழைய முதிரைக் கட்டைகள். காலுக்குப் பனை. மற்ற மரம் உள்ளுக்குத்தான் வைரம். பனை வெளியில் வைரம், நடுவில் சோத்தி. அறுத்த ஒரு நாளிலேயே வாள் மழுங்கினது.

முதல் மாதம் முழுக்க அவர் எங்களுக்கு மரம் வெட்டத் தரவில்லை. தீட்டுகிற வேலை மட்டும். உளியைச் சாணைக்கல்லில் வைத்து, சரிவு மாறாமல், முன்னுக்கும் பின்னுக்கும். கை மயிரைச் சிரைக்கிற கூர் வரும் வரைக்கும். தீட்டினால் தேங்காயெண்ணெய் தடவி வைக்க வேணும், எங்கட உப்புக்காற்றுக்கு ஒரு கிழமையில் துரு பிடிக்கும். பிறகு அறுக்கிறது. ‘இழுக்கேக்க வெட்டாது, தள்ளேக்கதான் வெட்டும். இழுக்கேக்க சும்மா வரட்டும்.’ பிறகு ஒரு கட்டையில் துளை, மற்றதில் அதுக்கேற்ற நாக்கு. எங்கட முதல் நாக்கு துளைக்குள் ஆடினது. ‘பல்லு விழுந்த கிழவிக்குக் கட்டுப்பல்லு வைச்ச மாதிரி’ என்றார். அம்மம்மாவுக்குக் கேட்டிருக்கும்.

மேசை பூட்டின நாள். மாமா முதுகை நிமிர்த்தி மேலே பார்த்தார். கனநேரம் பார்த்தார். பிறகு ஏணியை எடுத்து ஏறினார். வளையின் பக்கவாட்டில், ஒட்டடைக்குக் கீழே, பென்சிலால் எழுதின இலக்கங்கள். 9, 4½, ஒரு கோடு, ஒரு பெருக்கல் குறி. அவர் விரலால் தூசியைத் துடைத்தார்.

‘இது ஐயான்ர கை’ என்றார்.

வீடு கட்டினது 1968இல், அம்மம்மாவின் சீதனமாக. மரவேலை முழுக்க மாமாவின் தகப்பன். அப்போது மாமாவுக்கு ஆறு வயது, ஆணி பொறுக்குகிற வேலை. 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது எங்கட வீடும் வெறுமையானது. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது கதவு இல்லை, யன்னல் இல்லை, நிலை கூட இல்லை. கிடைத்த மரத்தில் மாமாதான் எல்லாவற்றையும் திரும்பச் செய்து தந்தார். தகப்பன் அப்போது இல்லை. ஆக, அந்தத் தகப்பனின் வேலையில் இந்த வளவில் மிச்சம் இருக்கிறது கார்க்கொட்டிலின் கூரை மட்டும்தான். நாங்கள் இத்தனை வருடம் அதற்குக் கீழே பொச்சுமட்டை போட்டு வைத்திருந்தோம்.

ஏணியால் இறங்கி, நிலை வைத்த நாளைப் பற்றிச் சொன்னார். முன்வாசல் நிலை நிறுத்துகிறதுக்கு நாள் பார்த்து, நிலைக்கு மாவிலை கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, தகப்பனுக்குத் தட்டத்தில் வேட்டி சால்வை கொடுத்தவையாம். தகப்பன் வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த நிலைக்குள்ளால் நடந்து போனவராம், இவரையும் கையில் பிடித்துக்கொண்டு.

‘பிறகு?’ என்றோம்.

‘பிறகென்ன பிள்ளை, கதவு போட்டாச்சுத்தானே’ என்று சிரித்தார்.

அவர் பகிடிக்குத்தான் சொன்னார் என்று நினைக்கிறோம். எங்களுக்குச் சிரிக்க வரவில்லை. மூத்தவ இரண்டாம் வருடத்தில் யாழ்ப்பாணத்துச் சாதி அமைப்பைப் பற்றி ஒப்படை எழுதி நல்ல புள்ளி எடுத்தவ. எந்தக் கோயில், எந்தக் கிணறு, எந்த வருடம் எல்லாம் எழுதினா. எங்கட குசினி விறாந்தை அதில் இல்லை. எங்கட வீட்டில் சாதி என்ற சொல்லை ஆரும் சொன்னதில்லை. ஆர் எந்தப் படலையால் வாறது, ஆருக்கு எங்கே கதிரை, ஆருக்கு எந்த விகுதி என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் சொல்லத் தேவைப்படவில்லை.

அதற்குள் நாங்கள் படம் போடத் தொடங்கியிருந்தோம். மூத்தவ சீவுளி தள்ளுகிற படம், சுருள் சுருளாய்ச் சீவல் பறக்கிற வீடியோ. ‘பெண்களால் முடியாதது எது?’ என்று ஆர் ஆரோ எழுதிச்சினம். எங்களுக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. ஒரு சிநேகிதி மட்டும் தனியாக மெசேஜ் போட்டா: ‘பழக்கிறவருக்கு எவ்வளவு குடுக்கிறியள்?’ நாங்கள் பதில் எழுதவில்லை. அம்மா ஒவ்வொரு முறையும் ஏதோ கையில் பொத்திக் கொடுப்பா, அவர் எண்ணாமல் பொக்கற்றில் வைப்பார். எவ்வளவு என்று நாங்கள் கேட்டதே இல்லை. அதற்குப் பிறகு, கடையில் அவருடைய நாள் சம்பளம் எவ்வளவோ அதையே ஒவ்வொரு ஞாயிறும் கொடுக்கிறது என்று கதைத்து வைத்தோம். மாமா வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்று எண்ணிப் பார்த்தார்.

அவருக்கு ஒரு மகள். இளையவவுடைய வயது. வங்கிச் சோதனைக்குப் படிக்கிறாவாம். ஒரு ஞாயிறு, துளை வெட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டோம், ‘மாமா, அவவுக்கும் பழக்கினனீங்களோ?’

‘இல்லை.’

‘ஏன்? பொம்பிளைப் பிள்ளை எண்டோ?’

அவர் உளியை வைத்தார். ‘நீங்கள் செய்தா ஊர் என்ன சொல்லும்? கெட்டிக்காரப் பிள்ளையள், ஆம்பிளையளின்ர வேலையும் செய்யினம் எண்டும். அவள் செய்தா, தேப்பன்ர தொழிலைத்தானே செய்யிறாள் எண்டும். ரெண்டு மகனையும் இதுக்குள்ளால வெளியில அனுப்பினது இதாலதான். அவளைத் திரும்பக் கொண்டுவந்து விடுறதோ?’

பிறகு உளியை எடுத்து, ‘துளை சரிவாய்ப் போகுது, பாருங்கோ’ என்றார்.

அவர் தன் பிள்ளைகளைக் காப்பாற்றி வெளியே அனுப்புகிற ஒரு வேலைக்குள், எங்களுக்கு விடுதலை இருக்கிறது என்று நாங்கள் உள்ளே வந்திருக்கிறோம். ஒரே வேலை, ஒரே உளி. அதற்காக விட்டுவிடுகிறதா என்று இரண்டு பேரும் இரவிரவாகக் கதைத்தோம். விட்டால் ஆருக்கு என்ன நன்மை? அவருக்கு ஞாயிற்றுச் சம்பளம் போகும், எங்களுக்கு மனம் கொஞ்சம் லேசாகும், அவ்வளவுதான். விடவில்லை. ஆனால் படங்களுக்குக் கீழே ‘நாங்களே பழகினது’ என்று எழுதியிருந்த இடங்களைத் தேடி அழித்தோம். இந்தக் கட்டுரையில் அவருடைய பேரைப் போடட்டோ என்றும் கேட்டோம். ‘வேண்டாம் பிள்ளை. கடைக்காரன் வாசிச்சா ஞாயிறும் வேலைக்கு வா எண்டுவான்’ என்றார். அது மட்டும்தான் காரணமா என்று நாங்கள் தோண்டவில்லை.

வேம்பு ஒரு வருடம் காய்ந்தது. 24 பலகையில் மூன்று முறுகிப் போனது, இரண்டு வெடித்தது, மிச்சம் நல்ல செம்மஞ்சள் நிறம். மரம் நீளத்தில் சுருங்காது, அகலத்தில்தான் சுருங்கும். ஒரு பலகையை அரிந்த அன்றைக்கு அளந்து எழுதியிருந்தோம், 8 அங்குல அகலம் கால் அங்குலத்துக்கும் கூடக் குறைந்திருந்தது. ஈரத்தோடு செய்திருந்தால் எல்லா மூட்டும் இப்போது கழன்றிருக்கும். இந்த ஜனவரியில் அதில் முதல் ஸ்டூலைச் செய்தோம். நாலு கால், நாலு குறுக்குச் சட்டம், எட்டுத் துளை, எட்டு நாக்கு. ஆணி இல்லை. ஒரு நாக்கு மட்டும் கொஞ்சம் ஆடும், எதென்று சொல்ல மாட்டோம்.

அன்றைக்கு முன் விறாந்தையில் நாலு குவளை தேத்தண்ணி வைத்துவிட்டு மாமாவைக் கூப்பிட்டோம். இரண்டு பேரும் முதல்நாளே பேசி வைத்ததுதான். அவர் கையைப் பார்த்தார். ‘கை, சேட்டெல்லாம் தூள் பிள்ளை, இஞ்சையே குடிப்பம்.’ தூள்தான் காரணமோ, வேறயோ, எங்களுக்குத் தெரியவில்லை. வற்புறுத்தினால் அது எங்கட ஆசைக்காக அவரை இழுக்கிற மாதிரி இருந்தது. குவளைகளைக் கொட்டிலுக்குக் கொண்டு வந்தோம்.

அப்போது அம்மம்மா பொல்லை ஊன்றிக்கொண்டு வந்தா. 84 வயது, கொட்டிலுக்குள் வந்தது இந்த ஒரு வருடத்தில் முதல் தடவை. சுற்றிப் பார்த்தா. ஸ்டூலில் இருந்தா. உடம்பை ஆட்டிப் பார்த்தா. ஆடுகிற நாக்கைச் சரியாகக் கண்டுபிடித்தா.

‘உன்ர கொப்பர் எண்டால் இதை இன்னும் இறுக்கிப் பூட்டியிருப்பார்’ என்றா மாமாவைப் பார்த்து.

மாமா, ‘ஓம் அம்மா’ என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தது அந்த ‘ர்’ ஆல. கொப்பன் என்றுதான் எப்பவும் சொல்லுறவ. ஆனால் செத்தவைக்கு ‘ர்’ போடுகிறது லேசு. எதிரில் நிற்கிற மகனுக்கு அன்றைக்கும் ‘உன்ர’ தான்.

முன்வாசல் நிலையின் கீழ்ப்பக்கத்தில் இப்போது கறையான். 1996இல் கிடைத்த மரத்தில் செய்தது, இவ்வளவு காலம் நின்றதே பெரிது. வாற மாதம் புது நிலை வைக்க வேணும். மாமா அளவெடுத்துவிட்டார், வேம்பு காணும் என்கிறார், நாங்கள் இரண்டு பேரும்தான் கையாள். அளவுகளை மேசையில் பென்சிலால் எழுதியிருக்கிறார், தகப்பனைப் போலவே ஒன்பதுக்கு வால் நீளம். அம்மா நாள் பார்க்கக் கொடுத்திருக்கிறா. வேட்டி சால்வை எந்தக் கடையில் எடுக்கிறது என்று கேட்கிறா. அதெல்லாம் நடக்கட்டும். எங்களுக்கு அம்மாவோடு கதைக்க இருக்கிறது அந்த நாளைப் பற்றி இல்லை, அதற்கு அடுத்த ஞாயிறைப் பற்றி. கதவு போட்ட பிறகு வாற ஞாயிறு.